மூலத்தைவிடச் சற்றுக் குறைவு

அந்த அலுவலகத்தில் சிரிப்புக்கென்று ஒரு கோப்பு திறக்கப்பட்டது ஒரு திங்கட்கிழமை, முற்பகல் பதினொன்று இருபதுக்கு. நேரம் இவ்வளவு சரியாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. கோப்பின் முதல் பக்கத்தில் ஒருவர் அதை எழுதி, எழுதியது சரிதான் என்று இன்னொருவர் கையெழுத்துப் போட்டு, அந்தக் கையெழுத்து அவருடையதுதான் என்று மூன்றாமவர் முத்திரை வைத்திருந்தார்.

அது எடையளவு முத்திரை அலுவலகம். ஊரிலுள்ள தராசு, எடைக்கல், எண்ணெய் அளக்கிற குவளை எல்லாம் வருடத்துக்கு ஒரு முறை அங்கே வந்து, தாங்கள் யோக்கியம்தான் என்று முத்திரை வாங்கிக்கொண்டு போகும். பரிசோதனை அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் பட்டுத்துணியில் உட்கார்ந்திருக்கும் பித்தளைக் கற்களுக்கு ‘மூல எடை’ என்று பேர். மற்ற எடையெல்லாம் அவற்றின் நகல்கள். நகலில் குறை இருக்கலாம், மூலத்தில் இருக்க முடியாது. இது அந்த அலுவலகத்தின் வேதம் மாதிரி.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த சுற்றறிக்கை இப்படிச் சொன்னது: ஊழியர்களின் மன இறுக்கத்தை இந்த ஆண்டுக்குள் இருபது விழுக்காடு குறைக்க வேண்டும். அதற்காக ஆண்டு விழாவில் ஒரு நகைச்சுவை நாடகம் நடத்தப்பட வேண்டும். ஒரே ஓர் இரவு மட்டும். இரண்டாம் இரவு நடத்தினால் இறுக்கம் நாற்பது விழுக்காடு குறைந்துவிடும், அவ்வளவுக்கு அனுமதி இல்லை.

சுற்றறிக்கையைப் படித்துவிட்டு எல்லோரும் கவலையில் ஆழ்ந்தார்கள், ஒருத்தியைத் தவிர.

அவள் பதிவறையைப் பார்த்துக்கொள்கிறவள். வீட்டில் இரண்டு மருமகள்களில் மூத்தவள் என்பதால் பெரியவள். பதினோரு வருடமாக ஜன்னல் இல்லாத அந்த அறையில், கூரை வரை அடுக்கிய கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறாள். பழைய காகிதக் கட்டு ஒன்றுக்குள் அட்டை கிழிந்த ஒரு வெளிநாட்டு நாடகப் புத்தகம் கிடைத்தது. எழுதியவர் செத்து இருநூறு வருடம் இருக்கும். செவிடாகிவிட்டதாக நடிக்கும் ஒரு வியாபாரி, தன்னைப் பற்றி வீட்டில் யார் என்ன பேசுகிறார்கள் என்று ஒட்டுக் கேட்கிறான். ரகசியம் வேலைக்காரனுக்குத் தெரியும். மனைவியோ பத்தாவது நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிட்டு, சொல்லாமல், தன் பங்குக்கு அவனை ஆட்டி வைக்கிறாள். நான்கு மாத மதிய இடைவேளைகளில், சோற்றுக் கையைக் கழுவின ஈரம் காயும் முன்னே பேனாவை எடுத்து, அதைத் தமிழுக்குத் தழுவி எழுதியிருந்தாள்.

அந்த மனைவி வேஷத்தைத் தன் அளவுக்கு எடுத்துத் தைத்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. நிகழ்ச்சி நிரலில் தன் பேர், மேடையில் தன் குரல், இந்த இரண்டையும்தான் அவள் கேட்டாள். கேட்டாள் என்றால், மனதுக்குள்.

மனதுக்குள் கேட்டதற்குக் காரணம் சின்னவள்.

சின்னவள் என்பது அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. ஒரே வீடு, ஒரே சமையலறை, மூன்று வருடமாக ஒரே அலுவலகமும். சின்னவள் முகப்பில் உட்கார்ந்து தராசுகளுக்கு ரசீது எழுதுகிறாள். தராசு தேறாத வியாபாரிகூட அவளிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுச் சிரித்துக்கொண்டு போவான். அப்படி என்ன சொன்னாள் என்று பெரியவள் பலமுறை காதைத் தீட்டியிருக்கிறாள். ஒன்றுமே இருக்காது. “நாளைக்கு வாங்க” என்றிருப்பாள். அதே ‘நாளைக்கு வாங்க’வைப் பெரியவள் பதினோரு வருடமாகச் சொல்லி வருகிறாள். ஒருத்தனும் சிரித்ததில்லை.

பொறாமை என்று அவள் அதைச் சொல்ல மாட்டாள். கவனிப்பு என்பாள். அவள் கவனித்ததில் சில: சின்னவள் வெங்காயத்தைப் பெரிது பெரிதாக நறுக்குகிறாள், யாரும் குறை சொல்வதில்லை. கதவை அறைந்து சாத்துகிறாள், ‘காத்து’ என்கிறார்கள். சின்னவள் தும்மினால்கூட வீட்டில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். இப்படி மனதுக்குள் ஒரு நீளமான பட்டியல். பதிவறைக்காரி அல்லவா, எதுவும் தொலைந்துபோகாது.

நாடகத்தைக் கோப்பில் வைத்து அனுப்பினாள். மூன்றாம் நாள் துணை இயக்குநர் கூப்பிட்டார். அவர்தான் அந்த அலுவலகத்துக்குத் தலை. பக்கத்தில் கலைக்குழுச் செயலாளர் நின்றார். ஈய முத்திரை குத்தும் குறடு எப்போதும் சட்டைப்பையில் இருப்பதால் அவருக்கு முத்திரைக்காரர் என்று பேர்.

“ஏம்மா, இதோட மூல ஆசிரியர் யாரு?” என்றார் துணை இயக்குநர்.

“வெளிநாட்டுக்காரர் சார். செத்துப் போய் இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு.”

“அவர்கிட்ட தடையில்லாச் சான்று வாங்கியாச்சா?”

“செத்துப் போயிட்டார் சார்.”

“அதத்தான் கேக்கறேன். செத்ததுக்குச் சான்று?”

அவள் முத்திரைக்காரரைப் பார்த்தாள். அவர் அனுதாபத்தோடு தலையசைத்தார். “சட்டுனு செத்தார்னு சொல்லிடக் கூடாதும்மா. நம்ம ஆபீஸ்ல ஒருத்தர் செத்துட்டார்னு பென்ஷனை நிறுத்தி, அவரு நேர்ல வந்து சண்டை போட்டாரு. அன்னையிலருந்து நாங்க யாரையும் லேசுல சாக விடறதில்ல.”

கடைசியில் வழி பிறந்தது. மூல ஆசிரியருக்குப் புத்தகத்தில் அச்சாகியிருந்த அச்சகத்தின் முகவரிக்கே ஒரு பதிவுத் தபால் அனுப்பப்பட்டது. பதினைந்து நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். தவறினால் ஆட்சேபமில்லை என்று கொள்ளப்படும். பதினாறாம் நாள் துணை இயக்குநர் கோப்பில் எழுதினார்: ‘ஆசிரியர் ஒத்துழைப்பு நல்கினார்.’

நாடகம் தந்ததற்கு நன்றி சொல்ல முத்திரைக்காரரும் குழு உறுப்பினர் ஒருவரும் பதிவறைக்கு வந்தார்கள். வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் தங்கள் பள்ளிக்கூட நாடக அனுபவங்களை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினார்கள். அவளுக்கு அன்று நாற்பது கோப்பு தேடி எடுக்க வேண்டியிருந்தது. முக்கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “தண்ணி கொண்டு வரட்டுமா?” என்று கேட்டாள். “வேணாம்மா, கெளம்பணும்” என்று இருவரும் ஒரே சமயத்தில் எழுந்துகொண்டார்கள். எப்போதும் அப்படித்தான். அவள் கேட்டு யாரும் தண்ணீர் குடித்ததாக நினைவில்லை. நல்ல மனுஷர்கள், தொந்தரவு தர விரும்புவதில்லை என்று நினைத்துக்கொள்வாள்.

அடுத்தது, யாருக்கு எந்த வேஷம் என்பது.

அது மிகவும் நியாயமாக நடந்தது. பணிமூப்புப் பட்டியலை ஒரு பக்கமும் பாத்திரங்களின் வசன எண்ணிக்கையை இன்னொரு பக்கமும் வைத்துக் கோடு இழுத்தார்கள். நாடகத்தில் அதிக வசனம் வேலைக்காரனுக்கு. அலுவலகத்தில் பெரியவர் துணை இயக்குநர். ஆகவே அவர் வேலைக்காரன். அடுத்த வேஷமான வியாபாரி, அதாவது முதலாளி, ஒரு இளநிலை எழுத்தரிடம் போய்ச் சேர்ந்தது. நடுவில் இருந்த பதவிகளெல்லாம் காலியாக இருந்தன.

ஒத்திகையில் முதலாளி வேலைக்காரனிடம் பேச வேண்டிய வசனம்: “டேய் சோம்பேறி, செருப்ப எடுத்து வைடா!” இளநிலை எழுத்தர் வாயைத் திறந்தார், மூடினார், வியர்வையைத் துடைத்தார். பிறகு சொன்னார்: “ஐயா, தங்களுக்கு நேரம் இருந்தா, செருப்பு விஷயமா கொஞ்சம் யோசிக்கலாங்களா?”

“நடிப்புன்னா இது!” என்றார் துணை இயக்குநர். “எவ்வளவு இயல்பா இருக்கு!”

முதலாளி வேலைக்காரனை விளக்குமாற்றால் அடிக்கும் காட்சி ஒன்று உண்டு. அது முதலாளி தன்னைத் தானே விளக்குமாற்றால் அடித்துக்கொண்டு வேலைக்காரனிடம் மன்னிப்புக் கேட்கும் காட்சியாக மாறியது. வியாபாரி எதற்காகச் செவிடாக நடிக்கிறான் என்பதே இதற்குப் பிறகு யாருக்கும் விளங்கவில்லை. பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு திருத்தத்துக்கும் கையெழுத்துப் போட்டாள். மனைவி வேஷம் மட்டும் தன்னிடம் வந்துவிட்டால் மற்றதெல்லாம் போகட்டும்.

அதற்குப் பணிமூப்பு பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவளுக்கே வந்திருக்கும். “பெண் வேஷத்துக்கு மூப்பு பாக்கறது நாகரிகம் இல்ல” என்றார் துணை இயக்குநர். “பரிசோதனைல எந்தக் குரல் தேறுதோ அது.”

பரிசோதனை என்பது நகைச்சுவைப் பரிசோதனை. அந்த அலுவலகத்தில் முத்திரை இல்லாமல் எதுவும் வெளியே போகக் கூடாது, சிரிப்பும்தான். தராசை எப்படிச் சோதிப்பார்களோ அப்படியே சோதித்தார்கள். ஒரு கல்லை மூன்று முறை நிறுத்து, மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவு காட்டினால் அது நம்பத் தகாத பொருள், முத்திரை கிடையாது. நகைச்சுவைக்கும் அதே. ஒவ்வொரு துணுக்கும் குழுவின் முன் மூன்று முறை வாசிக்கப்படும். எத்தனை பேர் சிரித்தார்கள், எவ்வளவு நேரம் என்று முத்திரைக்காரர் கையில் கடிகாரத்தோடு குறித்துக்கொள்வார்.

பெரியவள் வாசித்தாள். முதல் முறை ஐந்து பேரும் சிரித்தார்கள். அவள் முகம் மலர்ந்தது. இரண்டாம் முறை இரண்டு பேர், அதுவும் மரியாதைக்கு. மூன்றாம் முறை ஒருவர் கொட்டாவி விட்டார்.

“ஐந்து, இரண்டு, பூஜ்யம்” என்று எழுதினார் முத்திரைக்காரர். “நிலையில்லாதது. தள்ளுபடி.”

“சார், ஒரு ஜோக்கை மூணு தடவ சொன்னா யாரு சிரிப்பா?”

“அதத்தாம்மா நாங்களும் கேக்கறோம். மூணாவது தடவ காணாமப் போற சிரிப்பை நம்பி எப்படி முத்திர போடறது? நாளைக்கு மக்கள் கேப்பாங்கல்ல?”

அன்று மாலைக்குள் அறுபத்தி மூன்று துணுக்குகள் தள்ளுபடி ஆயின. தேறியவை பதினான்கு. மூன்று முறையும் யாரும் சிரிக்காததால் அவை நிலையானவை என்று தேறின.

அவள் தொண்டை கட்டிப்போயிற்று. “யாராவது வாசிங்க” என்று எழுந்து கோப்பை வைத்துவிட்டாள். ரசீதுப் புத்தகம் வாங்க வந்திருந்த சின்னவளைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

மனைவிக்கு ஒரு வரி இருந்தது. செவிட்டைக் குணப்படுத்த வந்த மூன்று வைத்தியர்கள் எழுந்து போகாமல் அரட்டை அடிப்பார்கள். வைத்தியர்களில் ஒருவராக நடிப்பவருக்கு அடுத்த வேஷத்துக்குத் தொப்பி மாற்ற நேரம் வேண்டுமே என்று, யோசிக்காமல் பெரியவள் நுழைத்த வரி அது. நகைச்சுவை என்று அவள் அதைப் பட்டியலில்கூடச் சேர்க்கவில்லை. சின்னவள் கோப்பைப் பார்த்தாள். ஒரு கணம் நிமிர்ந்து பெரியவளைப் பார்த்தாள். பிறகு வாசித்தாள்.

“தண்ணி கொண்டு வரட்டுமா?”

‘தண்ணி’ தேன் மாதிரி வந்தது. ‘கொண்டு’வில் ஒரு சிறு தயக்கம். ‘வரட்டுமா’ கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட மாதிரி விழுந்தது. ஐந்து பேரும் சிரித்தார்கள். இரண்டாம் முறையும் ஐந்து பேர். மூன்றாம் முறை முத்திரைக்காரர் கடிகாரத்தை மேசையில் வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். வாசலில் நின்ற காவலாளியும் சிரித்தார். அவருக்குச் சிரிக்க அனுமதி இல்லை.

“ஐந்து, ஐந்து, ஆறு” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினார் முத்திரைக்காரர். “முப்பது வருஷத்துல இப்படி ஒரு அளவ நான் பாத்ததில்ல.”

மனைவி வேஷம் சின்னவளுக்குப் போயிற்று. அந்த வரி நாடகத்தில் ஏழு இடத்தில் சேர்க்கப்பட்டது.

அன்று வீட்டுக்கு நடக்கும்போது, திருப்பத்தில் சின்னவள் மெல்லக் கேட்டாள்: “அக்கா, கோவமா?”

“எனக்கென்ன கோவம்?”

“நீங்க எழுதினதுதானே அக்கா.”

“எழுதினா யாரு சிரிச்சா? நீ சொன்னாத்தானே சிரிக்கறாங்க.”

சின்னவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டாள். கர்வம் என்று பெரியவள் அதையும் பட்டியலில் சேர்த்தாள்.

ஒரு வாரம் வீடே ஒத்திகைக் கூடமாயிற்று. சின்னவள் சமையலறையிலிருந்து தட்டை ஏந்திக்கொண்டு வந்து கூடத்தின் நடுவில் நின்று அந்த வரியைச் சொல்வாள். கொழுந்தன் தரையில் புரண்டான். பெரியவளின் புருஷன், பதிமூன்று வருடத்தில் பல் தெரியச் சிரிப்பதை இரண்டு முறை மட்டுமே அவள் பார்த்திருந்த மனிதர், மின்கம்பத்தில் ஏறிப் பழகிய தடித்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னொரு தடவ சொல்லும்மா” என்றார். பிறகு பெரியவளைப் பார்த்ததும் சட்டென்று சிரிப்பை விழுங்கிக்கொண்டார். விழுங்கிய அந்தச் சிரிப்புத்தான் அவளைச் சுட்டது. ‘நான் பக்கத்தில் இருந்தால் சிரிக்கக்கூட முடியவில்லை இவருக்கு.’

மறுநாள் பதிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கோப்புகளுக்கு நடுவே நின்று அந்த வரியைச் சொல்லிப் பார்த்தாள். சின்னவள் சொல்கிற மாதிரி. தேன், தயக்கம், தாழ்ப்பாள். வரவில்லை. தேன் வந்தால் தாழ்ப்பாள் விழவில்லை. தாழ்ப்பாள் விழுந்தால் தயக்கம் தொலைந்தது. நாற்பது முறை சொல்லிப் பார்த்தாள். கடைசியில் கோப்புகள் அவளைப் பார்த்துப் பரிதாபப்படுவது போலிருந்தது.

அவள் ஆசைப்பட்டது அந்த வேஷத்துக்குக்கூட இல்லை என்று அப்போது தோன்றியது. யோசிக்காமல் ஒன்றைச் செய்து, அது சரியாக அமைந்துவிடுகிற அந்தச் சுலபம். எடைக்கல்லுக்கு இருக்கிற மாதிரி, வைத்த இடத்தில் கச்சிதமாக உட்கார்கிற ஒரு குணம். தனக்கு எப்போதும் இரண்டு பக்கமும் ஏதாவது சேர்த்து, எடுத்து, மறுபடி சேர்த்துத்தான் முள் நடுவில் நிற்கிறது. சின்னவளுக்கு யாரும் சேர்க்கவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். இதை நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. வந்ததை, வேலை நேரம் என்பதால், நிறுத்திக்கொண்டாள்.

நிகழ்ச்சி நிரல் அச்சாகி வந்தது. அதில் அவள் பேர் இல்லை. ‘நாடகம்: அலுவலகம்’ என்றிருந்தது.

துணை இயக்குநர் விளக்கினார்: “தழுவியவர்னு ஒரு பொம்பள பேரப் போட்டா நல்லாவா இருக்கும்? அதுவும் செத்துப் போன ஒருத்தர! உங்க நல்லதுக்குத்தாம்மா.”

“எழுதியவர்னு போடலாமே சார்.”

“மூலம் வேற ஒருத்தர். நீங்க நகல். நம்ம ஆபீஸ்ல இருந்துக்கிட்டு நகலை மூலம்னு சொல்லலாமா?”

பதினோரு வருடம் அந்த அலுவலகத்தில் இருந்தவள் அதை மறுக்க முடியாது. பேருக்குப் பதிலாக அவளுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். மேடையின் ஓரத்தில், திரைக்குப் பின்னால் நின்று, யாராவது வசனத்தை மறந்தால் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

விழா மாலை வந்தது. அரங்கம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் தலைமை அலுவலக இயக்குநர், மூன்றாம் வரிசையில் அவள் புருஷனும் கொழுந்தனும். பெரியவள் திரையின் ஓரத்தில் தன் இடத்துக்குப் போய், நாடகப் பிரதியைக் கேட்டாள். முத்திரைக்காரர் பெருமையோடு நீட்டினார். பிரதி குறுக்கும் நெடுக்கும் கம்பி சுற்றி, நான்கு முனையிலும் ஈய முத்திரை குத்தப்பட்டிருந்தது.

“இதத் திறக்க முடியாதே!”

“திறக்கக் கூடாதும்மா. சோதிச்ச பொருள முத்திர போட்டு மூடாம எப்படி விடறது? முத்திரைய உடைச்சா ஆறு மாசம்.”

“வசனம் மறந்தா?”

“முத்திர இருக்கறப்ப எப்படி மறக்கும்?”

நாடகம் ஆரம்பித்தது. நிலையான பதினான்கு துணுக்குகளும் ஒவ்வொன்றாக வந்தன, நிலையாகவே போயின. முதலாளி வேலைக்காரனைப் பார்த்துக் கும்பிட்டார். கூட்டம் ஒழுங்காக, நிமிர்ந்து உட்கார்ந்து, இறுக்கம் குறையக் காத்திருந்தது. சின்னவள் வந்து அந்த வரியைச் சொன்னாள். அரங்கம் வெடித்தது. இரண்டாவது முறை சொன்னாள். மறுபடியும். நான்காவது முறைக்கு அவள் மேடைக்கு வந்ததுமே கைதட்டல். ஒவ்வொரு சிரிப்பும் பெரியவளின் நெஞ்சில் ஒரு கல்லாக ஏறியது.

ஐந்தாவது முறை வரவில்லை. அதற்கு முன் வேலைக்காரன் பேச வேண்டிய வசனம் துணை இயக்குநருக்கு மறந்துவிட்டது.

அவர் மேடை நடுவில் நின்றார். பெரியவள் ஓரத்திலிருந்து, பிரதி இல்லாமலே, மனப்பாடமாக எடுத்துக் கொடுத்தாள். அவர் திரும்பி, “சத்தமா சொல்லும்மா” என்றார். சத்தமாகச் சொன்னாள். “அது நான் சொல்ற மாதிரி இல்லையே” என்று சந்தேகப்பட்டார். பிறகு, நிறைந்த அரங்கத்தின் முன் நிற்கும்போது தனக்கு எப்போதும் வாயில் வருவது எதுவோ அதைத் தொடங்கினார்.

“இந்த நல்ல நேரத்திலே, நம்ம அலுவலகம் சென்ற ஆண்டு நாலாயிரத்து இருநூறு தராசுகளச் சோதிச்சு முத்திரையிட்டதத் தெரிவிச்சுக்கறேன். இது முந்தின ஆண்டவிட நாப்பது அதிகம். அந்த நாப்பதும் என்னோட முயற்சி. மத்தது தானா வந்தது.”

வேலைக்காரன் வேஷத்தில், தோளில் துண்டோடு, கையில் விளக்குமாற்றோடு அவர் பேசினார். பதினோரு நிமிடம் ஆயிற்று. முதலாளி கைகட்டி நின்றார். சின்னவள் தட்டை ஏந்தியபடி தவித்தாள். மேலதிகாரி பேசும்போது குறுக்கிட அவளால் முடியாது, வேஷத்திலும் முடியாது. அரங்கத்தில் யாரும் இருமவில்லை. துணை இயக்குநர் அடுத்து எண்ணெய்க் குவளைகளின் வரலாற்றைத் தொடங்கினார்.

திரைக்குப் பின்னால் பெரியவளின் பொறுமை கரைந்துகொண்டிருந்தது. நான்கு மாத மதிய வேளைகள், அறுபத்தி மூன்று துணுக்குகள், அச்சாகாத பேர். எல்லாம் தொண்டைக்கு வந்து, அவள் அறியாமலே வெளியே வந்தது.

“தண்ணி கொண்டு வரட்டுமா?”

தேன், தயக்கம், தாழ்ப்பாள். அரங்கத்தின் கடைசி வரிசை வரை கேட்டது.

துணை இயக்குநர் பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். பழக்கதோஷத்தில் “வேணாம்மா, கெளம்பணும்” என்று சொல்லி, விளக்குமாற்றோடு மேடையை விட்டு இறங்கிப் போயே போய்விட்டார். கூட்டம் நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

பெரியவள் திரையின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். அவள் புருஷன் மேடையைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, திரையின் ஓரத்தை, அவள் நிற்கும் இருட்டைப் பார்த்துக் கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். சின்னவளும் தட்டோடு திரும்பி, அதே இருட்டைப் பார்த்தாள். மாட்டிக்கொண்டவளின் முகம் அது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பதிவறையில் எழுந்துகொண்ட முத்திரைக்காரர். வீட்டுக்கு வந்து, தண்ணீர் என்றதும் செருப்பைத் தேடிய அத்தனை விருந்தாளிகள். பரிசோதனை அறையில் சின்னவள் நிமிர்ந்து தன்னைப் பார்த்த அந்தக் கணம். சின்னவள் பேசியது தன் குரலில்தான், தன்னைத் தவிர உலகத்துக்கே அந்தக் குரல் தெரிந்திருக்கிறது.

வெட்கம் வந்தது, கோபம் வந்தது. இத்தனை நாள் தன்மேலேயே பொறாமைப்பட்டிருக்கிறோமா என்று சிரிப்பும் வந்தது. பொறாமை மட்டும் போகவில்லை, அது இடம்தான் மாறியது. ஒருத்தி மூன்று வருடமாகத் தன்னை இவ்வளவு உற்றுக் கவனித்திருக்கிறாள். தானும் அவளைக் கவனித்தோம். வெங்காயத்தையும் கதவையும் தும்மலையும். தன்னால் சின்னவளைப் போல ஒரு தும்மல் தும்மிக் காட்ட முடியுமா?

நாடகம் அதோடு முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. தலைமை அலுவலக இயக்குநர் மேடையேறினார்.

“இன்னைக்கு ரெண்டு குரல் கேட்டோம்” என்றார். “மேடையில ஒண்ணு, திரைக்குப் பின்னால ஒண்ணு. சாதாரண ஆளுங்களுக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரி இருக்கும். ஆனா நான் முப்பத்தஞ்சு வருஷமா மூல எடையையும் நகலையும் பாத்தவன். எனக்குக் கண்ண மூடிட்டுச் சொல்ல முடியும். மேடையில இருந்தது மூலம். பின்னால இருந்தது நகல், நல்ல முயற்சிதான், ஆனா அந்த ‘வரட்டுமா’ல ஒரு இம்மி கொறைஞ்சுது. குறைய ஒளிக்கக் கூடாது. அதுதான் நம்ம துறையோட தர்மம்.”

கைதட்டினார்கள். சின்னவளுக்கு ஒரு பித்தளைக் கேடயம். துணை இயக்குநருக்கு, ‘குறித்த நேரத்தில் மேடையை விட்டு இறங்கியமைக்கு’ ஒரு பாராட்டுச் சான்று.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் முத்திரைக்காரர் வீட்டுக்கே வந்தார். கையில் குறிப்பாணை. அனுமதியும் பரிசோதனையும் இல்லாமல் பொது அரங்கில் குரல் எழுப்பியது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தது. கீழே ஒரு குறிப்பு: ‘மேற்படி குரல் மூலத்தைவிடச் சற்றுக் குறைவாக இருந்தமையால், ஊழியர் தம் ஓரகத்தியிடம் முறைப்படி பயிற்சி பெறுமாறு அறிவுறுத்தப்படுகிறார்.’

“கோச்சுக்காதீங்கம்மா, என் கையெழுத்துத்தான், ஆனா என் கருத்து இல்ல” என்று நாற்காலியில் சாய்ந்தார். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பிறகும் போகவில்லை. விழாவைப் பற்றிப் பேசினார். தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார். இடது காலை முடித்துவிட்டு வலது காலுக்கு வந்தார். புருஷன் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்தார். கொழுந்தன் மெல்ல நழுவினான். சமையலறையில் சின்னவள் வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றுபோயிருந்தது.

பெரியவளுக்கு வாய் வரை வந்துவிட்டது. ஆனால் இப்போது அது எப்படி வரும் என்று தெரிந்துவிட்டதே. எங்கே தேன், எங்கே தாழ்ப்பாள் என்று யோசித்தால் வராது, யோசிக்காமல் இருக்க இனி முடியாது. முத்திரைக்காரர் வலது முழங்காலின் உள்பக்கத்துக்குப் போனார்.

அவள் சமையலறை வாசலைப் பார்த்தாள். சின்னவள் கத்தியும் கையுமாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் உதடு, சத்தமில்லாமல், முதல் வார்த்தையை எடுத்துக் கொடுத்தது.

“தண்ணி கொண்டு வரட்டுமா?” என்றாள் பெரியவள்.

முத்திரைக்காரர் பாதி எழுந்தார். எழுந்தவர் அப்படியே நின்று, தலையைச் சாய்த்து யோசித்தார். மறுபடி உட்கார்ந்தார். பேனாவை எடுத்துக் குறிப்பாணையின் ஓரத்தில் ஏதோ எழுதி, சட்டைப்பையிலிருந்து குறட்டை எடுத்து ஒரு முத்திரை குத்தினார்.

“பரவால்லம்மா” என்றார். “நல்ல முன்னேற்றம் தெரியுது. இன்னும் கொஞ்சம் பழகினா உங்க ஓரகத்தி மாதிரியே வந்துடும். கொண்டு வாங்க, குடிக்கறேன்.”

உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டு விழுந்தது. பெரியவள் எழுந்து போனாள். சின்னவள் சமையல் மேடையில் கையை ஊன்றிக்கொண்டு, முகத்தைத் துணியில் புதைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தாள். பெரியவள் அவள் முதுகில் ஒன்று வைத்தாள். கொஞ்சம் பலமாகவே வைத்தாள், மூன்று வருடத்துக்கும் சேர்த்து. பிறகு அவளுக்கும் தாங்க முடியவில்லை.

ரொம்ப நேரம் கழித்து இருவருமாகச் சேர்ந்து ஒரு குவளையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பாதி வழியில் சிந்திவிட்டது. மீதியை முத்திரைக்காரர் குடித்தார். அந்த வீட்டில் அந்தக் கேள்விக்குப் பிறகு உண்மையிலேயே தண்ணீர் வந்தது அதுதான் முதல் தடவை.